ஏரிக்கரை மண் ரோடு

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி டோல்கேட் வரை தினமும் காலையில் மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் ஓட்டுவேன். யாரையும் முன்னே விட எனக்கு மனசு வராது. அதே சாலையில் தடித்த டயர் போட்ட மலை சைக்கிளில் வரும் லாரி மெக்கானிக் ஒருவரைத் தினமும் முந்திவிடுவேன்.

ஒருநாள் டீக்கடையில் அவரே பேச்சுக் கொடுத்தார். "தார் ரோட்ல தினமும் முந்திக்கினு போறீங்க மேடம். ஏரிக்கரை மண் ரோட்ல ஒருவாட்டி வாங்களேன்."

உடனே கிளம்பினேன். முந்தின நாள் பெய்த மழையில் கரை ஊறிக் கிடந்தது. கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். முன்னால் போனவர் திரும்பி வந்தார். சிரிக்கவில்லை.

"அடி பட்டுச்சாங்க?"

"இல்லீங்க. நீங்க போங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க."

"எனக்கும் கால் வலிக்குது மேடம். தள்ளிக்கினே போலாம்."

கொஞ்சமும் நொண்டாமல் நடந்தார்; அவருக்குக் கால் வலியே இல்லை. அன்று அலுவலகத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தோற்றதைவிட எனக்காக இரங்கிச் சொன்ன அந்தப் பொய்தான் என்னைக் குடைந்தது.

மறுநாள் விடிந்ததும் தனியாக அதே கரைக்குப் போய், விழுந்து எழுந்து ஓட்டிப் பழகினேன். எதிரே அவர் வந்தார். கையை மட்டும் உயர்த்திவிட்டு, இந்த முறை எனக்காக வேகத்தைக் குறைக்காமல் என்னைக் கடந்து போனார். அதற்குப் பிறகுதான் மூச்சு சீராக வந்தது.