டபராவோரம் ஒரு மாத்திரை

காப்பி டபராவின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு சின்ன மாத்திரை. என் அண்ணியை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. தினமும் காலையில் அதை அங்கே வைத்தது நான்தான்.

அண்ணி ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர். சூடான கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும் அவர் பேச்சு. நான் அப்படியே பேசிக் காட்டுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். சோறு இறங்காமல் தொண்டையை அடைக்கத் தொடங்கிய பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். நாக்கின் அடியில் சிவப்பாய் ஒரு கட்டி. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, பஸ்ஸில் வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா வேறொன்று சொன்னார். கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு, பிறவியிலேயே கீழே இறங்காமல் நாக்கிலேயே தங்கிவிட்டதாம். "இவங்களுக்கு இருக்கறதே இது ஒண்ணுதானுங்க. எடுத்த எடுப்புல வெட்டக் கூடாது. மாத்திரையில சுருங்குதான்னு பாப்போம். காலையில வெறும் வயித்துல போடணும்" என்றார்.

எங்கள் மலையில் காப்பியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? கண் விழித்ததும் காப்பி. அதற்கப்புறமும் அது வெறும் வயிறுதான். அந்தக் குளிரில் தண்ணீர் குடித்து மாத்திரை போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால் ஊற்றிச் சுடச்சுட ஆற்றிக் கொடுப்பேன். "உன்ற காப்பிக்காகத்தான் கண்ணு இந்தக் கருமத்த முழுங்கறேன்" என்பார்.

கட்டி சுருங்கவில்லை. அண்ணிக்கு முகம் ஊதியது. பறிப்பில் கை ஓடவில்லை. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். "ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டார். "ஒரு நா கூட உட்டதில்லீங்க" என்றார் அண்ணி. பொய்யில்லை. எதோடு போடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை; எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் கட்டியை எடுக்கவே நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால், ஞாயிறு பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த அண்ணி இருமினார். வாயெல்லாம் ரத்தம். சேலத்துக்கு வண்டியில் மலை இறங்கும் வளைவுகளில் என் கையைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தார். அடிவாரம் வருவதற்குள் அந்தப் பிடி விட்டுப்போனது.

மறு வருஷம் ஏற்காட்டு மருந்துக்கடையில் தைலம் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் அதே மாத்திரையை வாங்கினாள். "ஏனுங்க, இதக் காப்பியோட போட்டுறாதீங்க, உடம்புல சேராது. தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் காப்பி குடிங்க" என்றார் கடைக்காரர். தைலம் வாங்காமலே வெளியே வந்தேன். என் கையால்தானே கொடுத்தேன் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் டபராவைத் துடைத்து வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"காப்பி இன்னும் ஆகலியா கண்ணு?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கேட்பார்.

"இருங்கண்ணா, இன்னும் நேரமிருக்கு" என்பேன்.