அம்மா துடைத்துக் கொடுத்த தோட்டாக்கள்

எட்டு வயது மகள் கம்பி மத்தாப்பைக் கையில் எடுத்தாலே வாளித் தண்ணீரோடு பக்கத்தில் போய் நிற்கிறவள் நான். அப்படிப்பட்ட என்னைப் பன்னிரண்டு வயதில் குப்புறப் படுக்க வைத்து, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சுடச் சொல்ல எங்கள் வீட்டில் எப்படித் துணிந்தார்கள்? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், விடை கிடைக்கவில்லை. அவர்கள் அலட்சியமானவர்கள் அல்ல. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற ஊரில் வாழ்ந்தவர்கள். நெருப்பை யாரும் அங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம் இருந்தது. தாத்தா பயிர்க்காவலுக்கு என்று உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி, அவருக்குப் பிறகு சித்தப்பா பெயருக்கு மாறியது. சித்தப்பா அதை வைத்து ஒரு பன்றியைக்கூட விரட்டியதில்லை. மதுரைப் பக்கம் ஒரு கிளப்பில் சேர்ந்து, காகிதத்தில் அச்சிட்ட வட்டங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். துணைக்கு என்னையும் அழைத்துப் போவார். முதலில் வேடிக்கை பார்த்தேன், பிறகு சுட்டேன். அவரைவிட நான் நன்றாகச் சுடுகிறேன் என்று தெரிந்த நாளில் அவருக்கு வந்த சந்தோஷம், அவர் திருமணத்தன்றுகூட வந்திருக்காது என்று அப்பா சொல்வார்.

பயிற்சிக்கு நிறையக் காகிதம் தேவைப்பட்டது. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த உறவினர் ஒருவர், நிறம் கலங்கிப் போன காலண்டர்த் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். அவற்றின் பின்பக்கத்தில் சித்தப்பா காம்பஸால் வட்டம் போட்டார். முதல் கட்டைப் பிரித்ததும் அம்மா பதறிவிட்டாள்.

"ஏன் தம்பி, முன்பக்கம் முருகன் நிக்காரு, பின்பக்கமா நின்னு சுடுவீகளோ?"

"திருப்பித்தானே மதினி வைக்கேன்."

"திருப்பி வச்சா? சாமிக்கு முதுகு இல்லையாக்கும்?"

சாமி படங்கள் நின்று போயின. அடுத்த கட்டில் கொழுகொழு குழந்தைகள் வந்தன. அதற்கு அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கடைசியில் பனிமலைப் படங்கள் மட்டும் மிஞ்சின. நான் சுடக் கற்றுக்கொண்டது முழுவதும் பனிமலைகளின் முதுகில்தான்.

காகிதம் கிடைத்தது, தோட்டாதான் கிடைக்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டா என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. பித்தளைக் குப்பி, அதன் முனையில் ஒரு ஈயக் குண்டு. குப்பியின் அடி விளிம்பில் ஊசி அடித்தால் உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குள் இருப்பதற்கும் தோட்டாவுக்குள் இருப்பதற்கும் ஒரே சொல்தான், மருந்து. விலை மலிவான தோட்டாவில் ஒரே பெட்டியின் ஐம்பதும் ஐம்பது விதமாகப் பாயும். "ஒன்னு மதுரைக்குப் போனா அடுத்தது மானாமதுரைக்குப் போகுது" என்பார் சித்தப்பா. வெளிநாட்டுத் தோட்டா நேராகப் போகும். அதன் விலையைக் கேட்ட அன்று அவர் பெட்டியைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மலிவானதிலும் நல்லது இருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அது எந்த லாட்டில், அதாவது ஒரே தடவையாகச் செய்த எந்தத் தொகுதியில், வந்தது என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு லாட்டுக்கு ஒரு குணம், ஒரு துப்பாக்கிக்கு ஒரு குணம், இரண்டுக்கும் ஜாதகம் பொருந்த வேண்டும் என்பார். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கடை கடையாக ஏறி, லாட்டுக்கு ஒரு பெட்டி வாங்கி வருவார். மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து ஐந்தைந்தாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பார். வாங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் உரிமப் புத்தகத்தில் பதிய வேண்டும், ஆண்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. அதனால் தோற்றுப்போன ஒவ்வொரு லாட்டும் எங்களுக்கு இழப்புதான்.

மதுரைக் கடைக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "வாங்க அண்ணாச்சி, இன்னைக்கும் பொண்ணு பாக்கத்தான் வந்தீகளா, இல்ல பூ வச்சிட்டுப் போவீகளா?"

ஒருவழியாகப் பொருத்தமான லாட் கிடைத்தது. ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். சித்தப்பா அந்தத் தாளை வீட்டில் எல்லோருக்கும் காட்டினார், பால்காரருக்குக்கூட. மறுவாரம் கடைக்கு ஓடியபோது அந்த லாட்டில் ஒரே ஒரு பெட்டிதான் மீதம் இருந்தது. ஐம்பது தோட்டாக்கள். நடக்கவிருந்த போட்டிக்கு நாற்பது, அதற்கு முன் குறி சரிபார்க்கப் பத்து. அளந்து வைத்ததுபோல இருந்தது. போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் சிறுமிகளைச் சென்னைக்கு அனுப்புவார்கள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பெட்டிதான் கடல்.

சித்தப்பா எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். பெட்டியை அம்மாவின் பீரோவில் வைப்பதும் எடுப்பதும் அவர்தான். போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. காலையில் கிளம்புவதற்கு முன், சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போதே, அந்தத் தோட்டாக்களை ஒன்றுக்கு மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் போனேன். மதியம் திரும்பியபோது அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், நனைத்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றித் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. அவள் கைகளில் வளையல் இல்லை, காலில் மெட்டியும் இல்லை. என்னைப் பார்த்ததும் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, இங்கன வா. தலைக்கு எண்ணெ வச்ச கையோட அம்புட்டையும் தொட்டு எண்ணியிருக்க. ஒவ்வொன்னும் பிசுபிசுன்னு கிடக்கு. எண்ணெ பட்டா மருந்து பத்துமா? நல்லவேளை, எடுத்து வைக்கலாம்னு தொறந்து பாத்தேன். எல்லாத்தையும் தொடச்சு வச்சிட்டேன். சித்தப்பாகிட்ட மூச்சு விடாத, வைவாக."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் தப்பு யாருக்கும் தெரியாமல் சரியாகிவிட்டதே என்று அம்மாவைக் கட்டிக்கொண்டேன். வளையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மா எண்ணெய் வழிய வழியத் தலைவாரி இரட்டைச் சடை போட்டு அனுப்பினாள். போட்டி நடக்கும் இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சித்தப்பா பெட்டியைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்துக் கட்டைவிரலால் ஈயத்தைத் தேய்த்தார். இன்னொன்றை எடுத்தார். பத்தாவதை எடுத்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதை யாரு தாயி தொட்டது?"

கொடுத்த வாக்கை என்னால் முடிந்தவரை காப்பாற்றினேன். அரை நிமிடம் இருக்கும். "அம்மா தொடச்சாங்க."

"எம்புட்டு?"

"எல்லாம்."

சித்தப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பிசுக்குதான் தாயி இதுக்கு உசுரு. மெழுகு அது. கம்பெனியிலேயே தடவி அனுப்புவான். ஈயம் குழலுக்குள்ள வழுக்கிட்டுப் போகணும்ல? காஞ்சு கிடந்தா உள்ள அங்கங்க ஒட்டிக்கிடும். அடுத்தது எங்கன போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் அழுதேன். அழுகையோடு, "அம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது. எதைத் தொட்டாலும் கெடுத்துத்தான் வைப்பாங்க" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

சித்தப்பா திட்டவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பி உக்காரு" என்றார்.

ரிப்பனை அவிழ்த்து, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, அதன் ஈய முனையை என் சடையில் அழுத்தி உருட்டினார். ஐம்பதையும். பேன் பார்ப்பதற்கு உட்கார வைத்ததுபோல நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா நின்று பார்த்துவிட்டு, "என்ன சார் பண்றீக?" என்று கேட்டார்.

"தோட்டாவுக்கு எண்ணெ வச்சுத் தலைவாரி விடுதேன். வெறுந்தலையோட வந்துட்டு" என்றார் சித்தப்பா, தலை நிமிராமலே.

மெழுகின் வேலையைத் தேங்காய் எண்ணெய் முழுதாகச் செய்துவிடாது. ஒரு ரூபாய்க்குள் அடங்கிய துளைகள் அன்று ஓர் உளுந்தவடை அளவுக்குப் பரவின. ஆனாலும் தாளை விட்டு வெளியே போகவில்லை. சிறுமிகள் பிரிவில் நான் மூன்றாவதாக வந்தேன். மொத்தம் நான்கு பேர் கலந்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்காவது பெண் பதற்றத்தில் பக்கத்துத் தாளில் இரண்டு முறை சுட்டுவிட்டாள். அவளை நினைத்து அன்று நான் வருத்தப்படவில்லை, இப்போது வருத்தப்படுகிறேன்.

சாத்தூரில் பேருந்து மாறும்போது சித்தப்பா சேவு வாங்கிக் கொடுத்தார். பொட்டலத்தை நீட்டும்போதே, "மதினிகிட்ட இதைச் சொல்லிப்புடாத" என்றார்.

"ஏன் சித்தப்பா? சொன்னாத்தானே அடுத்த தடவை துடைக்க மாட்டாங்க?"

"சொல்லாதன்னா சொல்லாத."

வீட்டுக்கு வந்து பதக்கத்தைக் காட்டியதும், என்னை மூச்சு விடாதே என்று சொன்ன அம்மா தானே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "அம்புட்டும் எண்ணெப் பிசுக்கு! நான்தான் உக்காந்து ஒவ்வொன்னாத் தொடச்சுக் குடுத்தேன். இல்லைன்னா ஒன்னுகூட வெடிச்சிருக்காது." பக்கத்து வீட்டார் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்து, "ஆமா மதினி. நீங்க பாத்ததுனாலதான் தப்பிச்சோம்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முந்தின நாளும் அம்மா தோட்டாக்களைக் கேட்டு வாங்கித் துடைத்தாள். சித்தப்பா மறுக்காமல் கொடுத்தார். மெழுகும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றிய ஒரு சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு, போட்டி நடக்கும் இடத்தில் ஐம்பதுக்கும் திரும்பத் தடவினார். மூன்று வருடம் இப்படி நடந்தது. நான் சென்னை போனேன். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தேன், கடலைப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு ஒருமுறை பொறுக்க முடியாமல், ஒரு வார்த்தை சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். "உங்கம்மா எப்படி உக்காந்து தொடைக்காகன்னு பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அது புரிந்தபோது நான் கர்ப்பமாக இருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே நான்கைந்து வாக்கியங்களில் சொன்னாள். அம்மா பிறந்தது எம். புதுப்பட்டியில். திருமணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், ஏன் நின்றாள் என்பது தெரியாது. ஒருநாள் அடுத்த அறை வெடித்தது. அதில் இருந்த இரண்டு பெண்கள் தினமும் அம்மாவோடு ஒரே வேனில் வந்தவர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அதன் பிறகு மருந்து இருக்கிற எதையும் தொட்டதில்லை. தீபாவளியன்று பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும்போதுகூட உள்ளறையை விட்டு வரமாட்டாள். அந்தச் சனிக்கிழமைதான் மறுபடி தொட்டாள். கம்பெனியில் சொல்லிக் கொடுத்தபடியே, உடம்பில் உலோகம் எதுவும் இல்லாமல் கழற்றி வைத்துவிட்டு, தரையை நனைத்துவிட்டு, வீட்டுக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் போய் உட்கார்ந்து, ஐம்பது முறை தொட்டாள். நான் சித்தப்பாவிடம் திட்டு வாங்கிவிடக் கூடாதே என்பதற்காக.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"கை நடுங்கத்தான் செஞ்சது. நடுங்குனா கீழ விழுந்துரும்ல, அதான் மெதுவாத் தொடச்சேன்."

ஒவ்வொரு போட்டிக்கும் அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்த இரண்டு பேரால் கிடைத்தது. ஒருவர் கடை கடையாக ஏறி நல்ல லாட்டைத் தேடினார், இன்னொருவர் அதைத் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கெடுத்துக் கொடுத்தார். யாருக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால், நான் அம்மாவைத்தான் சொல்வேன்.

இப்போதுதான் சிக்கல். என் மகள் பள்ளியில் ஏர்கன் சுடப் பழகுகிறாள், மருந்து இல்லாமல் காற்றால் சுடுகிற துப்பாக்கி. அங்கே ஆசிரியர் பெரிய துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லும்போது மெழுகைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். பாட்டியின் கதையை நூறு முறை கேட்டவள் அவள். நேராக வந்து, "அப்போ பாட்டி பண்ணினது தப்புதானே? தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

சொல்லாதே என்றேன். ஏன் என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் சொல்லி வளர்க்கிற பிள்ளையிடம் என்ன காரணம் சொல்வேன்? என் கணவர், உண்மையைச் சொன்னால் அத்தை சிரித்துவிடுவார்கள் என்கிறார். இருக்கலாம். ஆனால் அத்தனை முறை தனியாக உட்கார்ந்திருந்தது எல்லாம் வீண்தானா என்று அம்மா நினைத்துப் பார்ப்பாளே? சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு நல்லபடியா இறங்கட்டும்னு சொன்ன பொய் தாயி அது. இம்புட்டுக் காலம் ஓடும்னு நான் கண்டேனா? இனி உன் பாடு" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா? மகளைப் பேச விடலாமா, நானே முந்திக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிடலாமா, அல்லது சித்தப்பா வழியில் மகளுக்கும் வாயை மூடக் கற்றுக்கொடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.