நாற்பத்து நான்கு வெள்ளைச் சீட்டுகள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. வியாழக்கிழமை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவர் ஒரு லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கும்போது போனை எடுப்பதில்லை என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம். கை ஒரு மயிரிழை பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. முதல் முறை அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாவதாகக் கடை முதலாளியே உள்ளே வந்து தன் போனை நீட்டினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறாங்க," என்றார்.

மனைவி வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில்தான். அதனால் அந்தச் சொல் அவருக்கு உறைக்கவில்லை. "சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிருப்பா," என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்.

பேசியது ஒரு நர்ஸ். "மேடம் பேப்பர் வெட்டிக்கிட்டு இருந்தாங்க சார். தலை வலிக்குதுன்னு சொன்னாங்க. கத்திரிக்கோலைக் கீழ வைக்கக்கூட இல்லை."

இரண்டு மாடிக்குக் கீழே அத்தனை டாக்டர்களும் இருந்தார்கள். இருந்து என்ன.

அவள் அந்த ஆஸ்பத்திரிக்குத் தட்டச்சு செய்பவளாகப் போய்ச் சேர்ந்தவள். பதினான்கு வருஷம் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, நீண்ட மேசை, தலைமாட்டில் கண்காணிப்பாளர். பேசுகிறவர்கள் நாலே நாலு பேர். மற்றவர்கள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் அவள் கூட்டத்துக்கு முந்தின நாளே குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"மூணே மூணு வார்த்தைதான் மாத்த வேண்டியிருந்துச்சுங்க. அதுல ஒண்ணு நான் பண்ண பிழை."

"அப்ப அடுத்த மாசம் கூட்டமே வேண்டாம். நீ டைப் பண்ணிக் குடுத்துடு, அவங்க கையெழுத்துப் போட்டுட்டு பிஸ்கட் சாப்பிடட்டும்," என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. "துணி துவைக்கிறவங்க, சமைக்கிறவங்க, ஃபைல் எடுத்துக் குடுக்கிறவங்க, ஒருத்தர் வாயிலேர்ந்தும் ஒரு வார்த்தை வரலை. அதை நான் எங்கேர்ந்து டைப் பண்றது?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் நடத்துவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குச் சொந்த விடுப்பில் போய்வந்தாள். கண்காணிப்பாளரிடம் நச்சரித்து, சலவைப் பிரிவின் கூட்டத்தை நடத்தித்தர அனுமதி வாங்கினாள். முதல் காரியமாக மேசையை வெளியே தூக்கிப் போடச் சொன்னாள். மேசை என்று ஒன்று இருந்தால் தலைமாடு கால்மாடு வந்துவிடும் என்பது அவள் கட்சி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். கை வைத்த நாற்காலியையும் அகற்றினாள், ஏனென்றால் யார் அதில் உட்கார்ந்தாலும் பெரிய மனுஷன் ஆகிவிடுகிறார்களாம். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, சீட்டில் எழுத வேண்டும். சமையலறையில் முட்டை வேகவைக்க வாங்கிய டைமர்தான் நேரம் பார்த்தது. எழுதிய சீட்டைத் தானே படிக்கக்கூடாது. இன்னொருவர் சீட்டை எடுத்துப் படிக்க வேண்டும். வாய் ஓயாதவர் யாரென்று பார்த்து அவர் கையில் மார்க்கரைக் கொடுத்து, மற்றவர்கள் சொல்வதைச் சுவரில் எழுதவைப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'வட்டம் மேடம்' என்று பெயர் வந்துவிட்டது. "வட்டம் வர்றாங்க, மேசையைத் தூக்குங்கப்பா" என்று சலவைக்காரர்கள் கேலி செய்வார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் கேள்வியைத் தயாரிப்பதுதான் பெரிய வேலை. அதை முதலில் வீட்டில் அவர்மேல்தான் சோதிப்பாள். தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் சீட்டு விழும்.

"குழாய் ஒழுகுதுன்னா பிளம்பரைக் கூப்பிடு. என்னை எதுக்கு எழுதச் சொல்றே?" என்பார்.

"எழுதுங்களேன். பத்து நிமிஷம் சும்மா இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க."

அவர் 'பசிக்கிறது' என்று எழுதி நீட்டுவார். அதையும் அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். மகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "அப்பாவோட தீர்மானம் இன்னும் நிறைவேறலையா?" என்று கேட்பாள்.

வண்ணச் சீட்டு அவளே கண்டுபிடித்தது. சலவைக்கு நீலம், சமையலுக்குப் பச்சை, நர்ஸுகளுக்கு ஆரஞ்சு, பதிவேட்டு அறைக்கு மஞ்சள். யாரும் பெயர் எழுத வேண்டாம் என்பது அவள் கொடுத்த வாக்கு. ஆனால் சுவரைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். அவர்கள் பக்கம் போய் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். அவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "உன் மூளையே மூளை," என்றுகூடச் சொன்னார்.

போன வருஷக் கடைசியில், நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று ஒரு கூட்டம் நடத்தித்தரும்படி நிர்வாக அதிகாரி அவளைக் கேட்டார். ஒரு வாரம் கேள்வியோடு மல்லுக்கட்டினாள். 'என்ன பிரச்சினை?' என்று கேட்டால் எல்லோரும் ஆள் பற்றாக்குறை என்பார்கள். கடைசியில் ஒன்று அமைந்தது: 'நாளைக் காலையில் நீங்கள் செய்யும் ஒரு வேலையை நிறுத்தலாம் என்றால், எதை நிறுத்துவீர்கள்?'

வழக்கம்போல அவரிடம் சீட்டை நீட்டினாள். அவர் யோசித்து எழுதினார்: 'லென்ஸே வராதபோது நாளைக்கு ரெடி ஆகிவிடும் என்று பொய் சொல்வது.'

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "உங்களையே உண்மை எழுத வெச்சிடுச்சே. இந்தக் கேள்வி வேலை செய்யும்."

வேலை செய்தது. பதிவேட்டு அறையில் பதினோரு பேர். அவர்களில் மூத்தவரை எல்லோரும் ஃபைல் அண்ணன் என்பார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு அவர் இரண்டு மஞ்சள் சீட்டு எழுதினார். முதல் சீட்டை ஒரு டாக்டர் எடுத்துப் படித்தார்: 'ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதுகிறோம். ஒன்றில் எழுதினால் போதும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும்.' எல்லோரும் கை தட்டினார்கள். ஃபைல் அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டதாம். இரண்டாவது சீட்டில், 'மீதி நேரம் நாங்கள் கவுண்டரில் உட்கார்ந்து வழி தெரியாதவர்களுக்கு உதவலாம்' என்று எழுதியிருந்தார். நேரம் போதாததால் அந்தச் சீட்டு, 'பிறகு பார்க்கலாம்' என்று அவள் சுவரின் ஓரத்தில் எழுதிவைத்திருந்த தலைப்பின் கீழ் ஒட்டப்பட்டது.

சுவரைப் படம் எடுத்து அவளே அறிக்கையோடு அனுப்பினாள். ஓரத்தில் இருந்த பகுதி படத்துக்குள் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. பதிவேட்டு அறையில் பதினோரு பேரில் ஆறு பேர் தேவையில்லை. 'பணியாளர்கள் தாங்களே முன்வைத்த யோசனையின்படி' என்று முதல் வரி. இணைப்பாக அவள் எடுத்த படம். பட்டியலில் முதல் பெயர் ஃபைல் அண்ணனுடையது.

அவள் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். மரியாதையில் குறை வைக்காதவர்.

"நான் யாரையும் குறை சொல்லலையே மேடம். அவங்களே சொன்னாங்க, மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்னு. நீங்கதானே பேச வெச்சீங்க? இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை."

அவர் மனதாரப் பாராட்டினார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேரு எழுத வேண்டாம்னு சொன்னேங்க. சொல்லிட்டு ஆளுக்கு ஒரு கலரைக் கையில குடுத்துட்டேன்."

"நீ நல்லதுக்குத்தானே செஞ்சே."

"மஞ்சள்னு யாருங்க முடிவு பண்ணா? நான்தான் கடையில நின்னு பொறுக்கி எடுத்தேன். தூரத்திலேர்ந்து பார்த்தாலும் பளிச்சுனு தெரியணும்னு."

அவர் காபி போட்டுக் கொடுத்தார். ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

ஃபைல் அண்ணனை அவள் பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தாள். "நீங்க கேட்டீங்க, நான் எழுதினேன். விடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் என்று பின்னால் அவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அலைந்த அலைச்சலை அவர்தான் பார்த்தார். ஆறு பேரும் போன பிறகு ஃபைல்கள் மாறிப்போக ஆரம்பித்தன. ஒரே பெயருள்ள இருவரில் ஒருவருடைய ஊசி இன்னொருவருக்குப் போட இருந்ததை ஒரு நர்ஸ் கடைசி நொடியில் தடுத்தாள். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரைப் பார்த்தாள். அவர், "வாய்ச் சொல்லா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அந்தப் பதினோரு பேரும் எழுதினதைத் திங்கட்கிழமை எங்கிட்ட கொண்டு வாங்க. செவ்வாய்க்கிழமை உத்தரவு ஒப்புதலுக்கு மேலிடத்துக்குப் போயிடும். அப்புறம் நான் தொட முடியாது," என்றார்.

அதனால் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். ஆறு பேரை வாசலில் காவலாளி உள்ளே விடமாட்டான் என்பதால் நூலகத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கினாள். பதினோரு பேருக்கும் போன் செய்தாள். நாலு பேர் எடுக்கவே இல்லை. "இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே வெள்ளைத் தாள்," என்று ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னதை அவர் அடுத்த அறையிலிருந்து கேட்டார். பதினோரு பேர், ஆளுக்கு நாலு சீட்டு, ஆக நாற்பத்து நாலு. பதினோரு தாளை நாலாக வெட்ட வேண்டும்.

"வியாழக்கிழமை ஆபீஸ்ல வெட்டிக்கறேன்," என்றாள். "அங்க கத்திரிக்கோல் நல்லா இருக்கும்."

இறுதிக் காரியங்கள் வெள்ளிக்கிழமையே முடிந்தன. நிர்வாக அதிகாரி பெரிய மலர்வளையத்தோடு வந்து, கடைசிவரை நின்றுவிட்டுப் போனார். சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் அவர் சட்டை மாற்றிக்கொண்டதைப் பார்த்து மகள் திகைத்தாள்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"கூட்டம் இல்லைன்னு யாருக்கும் சொல்லலைம்மா. யாராவது வந்து நின்னா?"

"யாருப்பா வருவாங்க? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கட்டும்."

நர்ஸ் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அவளுடைய பையை அப்படியே எடுத்துக்கொண்டார். நூலக மாடியில் நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பதினொன்றை எடுத்து வட்டமாகப் போட்டார். ஒன்றில் கை இருந்தது. அதை வெளியே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். டைமரையும் சீட்டுக் கட்டையும் ஜன்னல் திண்டில் வைத்தார்.

நாலேகாலுக்கு ஒரு பெண் வந்து வாசலிலேயே நின்றாள். வேலை பறிபோகாத ஐந்து பேரில் ஒருத்தி. "துக்கம் கேக்கத்தான் வந்தேன் சார். கூட்டத்துக்கு வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள். அவர் தலையாட்டினார். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கிப் போயிற்று.

நாலரைக்கு ஃபைல் அண்ணன் வந்தார். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க உட்காரணும் சார்?"

"எங்க வேணும்னாலும் உட்காருங்க. வட்டம்தானே."

ஃபைல் அண்ணன் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டார். நேர் எதிரில் உட்கார்ந்தார். நடுவில் ஒன்பது நாற்காலி காலியாக இருந்தன. அவர் எழுந்து போய் நாலு சீட்டும் ஒரு பேனாவும் கொடுத்தார். டைமரைப் பத்து நிமிஷத்துக்குத் திருகினார்.

"திங்கட்கிழமை இதை யார் சார் கொண்டு போவாங்க?"

"நான் கொண்டு போறேன்."

"நீங்க யாருன்னு கேப்பாங்க."

அது நிஜம்தான். ஃபைல் அண்ணன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், இரண்டு பக்கமும் வெள்ளைதானா என்று சரிபார்ப்பதுபோல.

"நான் எழுதினா நீங்க எடுத்துப் படிக்கணும். அதுதானே மேடம் வழக்கம்? நீங்க எழுதினதை நான் படிக்கணும். நீங்க என்ன எழுதுவீங்க?"

அவர் யோசித்தார். எழுத ஒரு வார்த்தை வரவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் ஃபைல் அண்ணன். "பத்து பேர் வராத இடத்துல நான் ஒருத்தன் எழுதி என்ன ஆகப்போகுது? இதுவும் என் யோசனைன்னு சொல்லுவாங்க."

டைமர் மணி அடிக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நாற்காலிகளைச் சேர்ந்து அடுக்கினார்கள். ஃபைல் அண்ணன் நாலு சீட்டையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார், பேனாவை மூடி. "மேடம் நல்லவங்க சார்," என்றார். குடையை விரிப்பதற்கு முன்னால் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

செவ்வாய்க்கிழமை உத்தரவு போயிற்று. மகள் ஊருக்குத் திரும்பினாள். அவர் புதன்கிழமை வேலைக்குப் போனார். தேய்த்த லென்ஸ் மயிரிழை பிசகாமல் சட்டத்தில் உட்கார்ந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம் பையை மேசைமேல் கவிழ்த்து உள்ளே இருந்ததைப் பிரித்து வைத்தார்: டைமர், அவளுடைய சாப்பாட்டு டப்பா, கத்திரிக்கோல், தாள்கள்.

ஏழு தாளை வெட்டி முடித்திருந்தாள், இருபத்தெட்டுச் சீட்டு. மூன்று தாள் முழுசாக இருக்கிறது. எட்டாவது தாள் நீளவாக்கில் பாதிவரை வெட்டியபடி நிற்கிறது.