நான் ஒளித்து வைத்த டாக்டர் கடிதம்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம், காஜா பெராங் என்ற ஊரில் ஒரு ரப்பர் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி. எனக்குத் திக்குவாய். கொண்டாட்டத்தன்று ரப்பர் கட்டு தூக்கும் மாரிமுத்து, எல்லோர் முன்னாலும் என்னைப் போலத் திக்கிப் பேசிக் காட்டினான். முதலாளிகூடச் சிரித்தார். அன்றிலிருந்து அவனைப் பழிவாங்கக் காத்திருந்தேன்.

சில வாரங்களில் அவன் இடுப்பு வலி என்று விடுப்பில் போனான். “எல்லாம் நடிப்பு” என்று முதலாளியிடம் சொல்லி, அவனுடைய டாக்டரை நானே பார்க்கப் போனேன். அவர் என் புகாரைக் காதில் வாங்கவே இல்லை.

“எவ்வளவு கனம் தூக்குறாரு? உக்கார்ந்து செய்ற வேலை ஏதும் இருக்கா?” என்று கேட்டார். பிறகு, ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது, தராசருகே உட்கார்ந்து எடை பார்க்கலாம் என்று முதலாளிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கடிதத்தை என் மேசைக்குள் ஒளித்தேன். மாரிமுத்துவிடம், “டாக்டர் வேலைக்குப் போகச் சொல்லிட்டாரு” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இரண்டாவது கட்டைத் தூக்கும்போதே அவன் சரிந்து விழுந்தான். “கிராணி, காலு மரத்துப் போச்சு!” என்று அலறினான். ஓடிப்போய் முதலாளியிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, நல்லவேளை, மாரிமுத்து எழுந்து நடந்தான்.

அதிலிருந்து யாரைப் பற்றி டாக்டர் கடிதம் வந்தாலும், அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்தித்தான் முதலாளியிடம் கொடுக்கிறேன். மாரிமுத்துவின் கடிதத்தை மட்டும் தொடுவதில்லை. அவனையே நேராகக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். அவன் மீதுள்ள ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை; என்னை நானே நம்புவதில்லை.