பத்தாம் நாள் விழுந்த அடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மில்லில் இருந்தவரை அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். சமயநல்லூர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த நூற்பாலையை மூடியபோது, வேலை போனவர்களை வேறு வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று நிர்வாகமே ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள். முடித்தால் சிபாரிசுக் கடிதம் தருவார்கள். அதைக் காட்டினால் ஒரு டயர் கம்பெனியில் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

அந்தக் கடிதம் என்னைவிட என் தங்கை புருஷனுக்குத்தான் வேண்டியிருந்தது. அவனும் அதே மில்தான். இருபது வருஷ மிஷின் சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. கடிதமில்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மில்லுக்குள் யாரையும் வாயால் கூப்பிட முடியாது. காலி நூல்குழலை முதுகில் எறிவோம். திரும்பியதும் சைகையில் பேசுவோம். மேஸ்திரிக்கும் அதே எறிதான். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

பத்தாம் நாள், சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் படிவத்தில் ஏதோ சந்தேகம். கூப்பிட்டுப் பார்த்தான், அவர் திரும்பவில்லை. பழக்கதோஷத்தில் தண்ணீர் பாட்டிலை எறிந்தான். நிறைந்த பாட்டில். அது பின்மண்டையில் பட்டதும் அவர் பலகையில் மோதி, நெற்றி கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது.

வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓடிவந்து மாப்பிள்ளையின் பிடரியில் தடியால் போட்டார். விழுந்தவனை மறுபடியும் போட்டார். பயிற்சியாளர் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "விடுங்க, அவர் வேணும்னு செய்யல" என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. தடியும் நின்றுவிட்டது. ஆனாலும் இரும்பு நாற்காலியைத் தூக்கி செக்யூரிட்டியின் கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அப்படியும் அடங்காமல் விலாவில் மிதித்தேன். நாலு பேர் என்னை இழுத்துச் சுவரில் மோதியதில் உதடு கிழிந்தது. பொய் சொல்லவில்லை, அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பயிற்சியாளர் தலையில் கட்டோடு வந்தார். "பாட்டிலுக்கு நான் கம்ப்ளெயின்ட் குடுக்கல. உங்க மாப்பிள்ளையோட லெட்டர்ல காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா நீங்க கையை ஒடிச்சப்புறம், கலாட்டா கோஷ்டின்னு ரெண்டு பேர் பேரையும் உங்க நிர்வாகம் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. இனி என் கையில இல்ல."

மாப்பிள்ளைக்கு எதுவும் விளங்கவில்லை. என் தோளைத் தட்டி, "என்ன மச்சான் சொல்றாரு? லெட்டரு எப்பத் தாராகளாம்?" என்று கத்தினான்.

அவர் 'விடுங்க' என்றதையும், தடி நின்ற பிறகும் நான் அடித்ததையும், அதனால் லெட்டர் போனதையும் அவன் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டியதாயிற்று. முதல் தடவை பாதிதான் கேட்டது. போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தான். "ஒனக்கு அடிக்கணும்னு இருந்துச்சு. எனக்காகன்னு சொல்லாத" என்றான். பிறகு எழுந்து, "அந்த செக்யூரிட்டி எந்த ஆஸ்பத்திரியில கெடக்காரு? நான் போயிப் பாத்துட்டு வாரேன். நீ வராத மச்சான்."