மாற்றிப் போட்ட ஜேர்சி

கீப்பர் அண்ணையின் அலுமாரியில் இன்னும் ஒரு நீல ஜேர்சி இருக்கிறது. கழுத்துப் பட்டியில் பிடித்த கறை எத்தனை முறை தோய்த்தும் போகவில்லை. அது எங்கள் கழகத்தின் நிறமல்ல. எங்களுடையது பச்சை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் உள்ள எங்கள் கழகத்தில் கால்பந்து, கிரிக்கெட், எல்லே, கரப்பந்து எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள், அதே பச்சை ஜேர்சி. சாமான்கள் முழுவதும் ஓர் உரப்பையில் அடங்கிவிடும். கால்பந்து மைதானத்தின் மூலைக்கொடிக்குக்கூடக் கிரிக்கெட் ஸ்டம்பில் சிவப்புத் துணி கட்டித்தான் நடுவோம். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவரே கோலும் காத்ததால் அவர் கீப்பர் அண்ணை ஆனார். கோல் காப்பவருக்கு வேறு நிறம் வேண்டும். அப்போது அது எங்களிடமும் இல்லை, குச்சவெளிப் பக்கத்திலிருந்து வரும் நீலக் கழகத்திடமும் இல்லை. ஆகவே ஆட்டத்துக்கு முன் இரண்டு கீப்பர்களும் ஜேர்சியை மாற்றிக்கொள்வார்கள். சட்டப்படி அது பிழைதான். நடுவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

அந்த இறுதியாட்டத்தில் நீலக்காரன் ஒருவனின் பூட்ஸ் எங்கள் பெடியனின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த நிமிடம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம். ஒருவன் என் கன்னத்தைக் கடித்தான். நான் அவன் மூக்கை உடைத்தேன். எனக்கு முன்கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு முன்னும் பின்னும் கோபம்தான். மூலைக்கு ஓடி ஸ்டம்பைப் பிடுங்கினேன். புழுதிக்குள் ஒரு நீல முதுகு எங்கள் ஆள் ஒருவனை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன். இடது காதில் விழுந்தது, விறகு பிளக்கிற சத்தத்தோடு.

விழுந்தவர் திரும்பிப் பார்த்தார். கீப்பர் அண்ணை. சண்டையை விலக்க ஓடி வந்திருக்கிறார்.

"எங்கட கீப்பருக்கு அடிச்சுப் போட்டாங்கள்!" என்று எங்களில் ஒருவன் கத்தினான். பிறகு நடந்ததுதான் கொடுமை. எங்கள் ஆட்கள் நீலக்காரன் ஒருவனை நிலத்தில் போட்டு, அவன் கை முறியும்வரை மிதித்தார்கள். அவர்களுடைய கீப்பர் மட்டும், எங்கள் பச்சையில் இருந்ததால் அடி வாங்காமல், அந்தப் பச்சையைக் கழற்றி அண்ணையின் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. வெட்கம் கெட்டவன் நான்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் கேட்டபோது அண்ணை, "பின்னால நிண்டு அடிச்சது, ஆரெண்டு தெரியாது" என்றார். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

இப்போது கழகத்துக்கு நான்தான் செயலாளர். கீப்பருக்கென்று தனியாகச் செம்மஞ்சள் ஜேர்சி வந்த நாளில், அதைக் காட்டுகிற சாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணை, அண்டைக்கு அடிச்சது நான். நீங்களெண்டு தெரியாமல்..." என்று தொடங்கினேன்.

"அது தெரியும். விழேக்க உன்ர கையில ஸ்டம்பைப் பாத்தனான்." எழுந்துபோய் அலுமாரியிலிருந்து நீல ஜேர்சியை எடுத்து என் மடியில் போட்டார். "எனக்கு அடிச்சதை அப்பவே விட்டிட்டன். இதுக்குள்ள அவங்கட பெடியன் நிண்டிருந்தா, அடிச்சது சரியெண்டு இருந்திருப்பாய், என்ன?"

கறை என் விரலுக்கடியில் காய்ந்த பசைபோல் இருந்தது. மறுமொழிக்காக அவர் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்.

"ஓம், அண்ணை" என்று அவருடைய வலது காதுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவர் ஜேர்சியை வாங்கி மடித்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தார்.