ஏழாம் லயத்துக் கோப்பு

பவுலின் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் டைப்பிஸ்ட். டிக்கோயாவில் கொழுந்து பறித்தவளின் மகள். எண்பத்தேழில் காரியாலயத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வேகமாகத் தட்டுவாள் என்று அவளையே அதன்முன் உட்கார வைத்தார்கள்.

அந்த வருசம் முழுக்கப் பழைய இடாப்புகளை, தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகளை, பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிந்தாள். கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப் போன ஒரு தோட்டத்தின் இடாப்பும் அதில் ஒன்று. எந்த லயத்து, அதாவது எந்த வரிசை வீட்டு, குடும்பத்தை எந்தத் தோட்டத்துக்கு மாற்றினார்கள் என்று அதில்தான் இருந்தது. பதிந்து முடிந்ததும், பூஞ்சணம் பிடித்த கடதாசிகளைக் கொளுத்திவிட்டார்கள்.

மறுவருசம் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பியது. மூடிய தோட்டங்களின் கோப்புகளைச் சுருக்கி, ஒன்றாகக் கட்டி, பிளாப்பியில் வைக்கும்படி பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி சொன்னார். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும். லயத்துக்கு ஒன்றாக இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே போகும். கட்டியது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கட்டளை உண்டு. அதற்கு இருபது நிமிசம் பிடிக்கும். வெளியே மழை, பஸ் போய்விடும். பவுலின் சரிபார்க்காமலே மூலக் கோப்புகளை அழித்துவிட்டுக் கிளம்பினாள்.

நாலு மாசம் கழித்துப் பழனியாண்டி வந்தார். எழுபத்தேழு இனக்கலவரத்தில் தப்பி வவுனியாப் பக்கம் போனவர். தங்கச்சி பூரணி அந்தத் தோட்டத்தில் ஏழாம் லயத்தில் இருந்தாளாம். இப்போது எங்கே என்று தெரியவில்லையாம்.

பவுலின் பிளாப்பியைப் போட்டு விரித்தாள். நாலு லயம் வந்தது. ஐந்தாவதில் பிழை என்று காட்டி நின்றது. மூன்று தரம் அடித்துப் பார்த்தாள். மெஷின் பழுது என்று அவரிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்த குடும்பங்களை மாற்றிய ஆறு தோட்டங்களின் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தாள்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். பூரணி ஐந்தாவது தோட்டத்தில் இருந்திருக்கிறாள். அவர் போய்ச் சேர்ந்தது கருமாதிக்கு மறுநாள். பட்டியல் எழுதித் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் வந்தாராம்.

பவுலினுக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"மெஷின் பழுதில்லீங்க அண்ணே. நான் சரிபார்க்காம அழிச்சிட்டேன்."

அவர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அத அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் நடக்கத்தானே வேணும், மிஸ்," என்றார். தேத்தண்ணி வேண்டாமென்று எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அன்று பின்னேரமே பவுலின் கணேசமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார் அவர். மிச்சமிருந்த பிளாப்பிகளை அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இன்னும் இரண்டு திறக்கவில்லை.